பைக் சைலன்சர் பைப் மஞ்சளாகி, நீலமாகிறதா? எவர்சில்வர் எக்ஸாஸ்டைச் சுத்தம் செய்வது எப்படி? எதைத் தொடவே கூடாது?

புது பைக்கை டெலிவரி எடுத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஆபீஸ் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு இறங்கும்போது கண்ணில் படுகிறது. எஞ்சினிலிருந்து வளைந்து இறங்கும் பைப் ஷோரூமில் கண்ணாடி மாதிரி இருந்தது, இப்போது இளமஞ்சளாக இருக்கிறது. கொஞ்ச நாளில் பழுப்பு. ஒரு லாங் ரைடு போய்வந்தால் ஊதா, நீலம். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு சொல்லித்தானே வித்தாங்க, அதுக்குள்ள துருப் பிடிச்சிடுச்சா?" என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

கேள்வி வந்ததுமே ஆலோசனைகளும் வந்துவிடும். புளி போட்டுத் தேய் என்பார் ஒருவர். பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டு போதும் என்பார் இன்னொருவர். கோலா, டூத்பேஸ்ட், கம்பி நார் என்று பட்டியல் நீளும். இவற்றில் சில வேலை செய்யும், சில வெறும் நேர விரயம். சில உங்கள் பைப்பையும் நுரையீரலையும் சேர்த்தே கெடுக்கும்.

நேரமில்லாதவர்களுக்குச் சுருக்கமான பதில் இது. அந்த நிறம் துரு அல்ல, வெப்பத்தால் வருவது. பைப் நன்றாக ஆறிய பிறகு, சோப்புத் தண்ணீரில் கழுவி, மெட்டல் பாலிஷ் பேஸ்ட் போட்டுப் பருத்தித் துணியால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் எஞ்சினை ஒட்டிய பகுதியில் அது திரும்ப வரும். ஆசிட் வேண்டவே வேண்டாம். ஏன், எப்படி என்று விரிவாகப் பார்ப்போம்.

துருப் பிடிக்காத ஸ்டீல் ஏன் நிறம் மாறுகிறது?

நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரமும் பைக்கின் எக்ஸாஸ்ட் பைப்பும் ஒரே குடும்பம்தான். இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, உலோகத்தின் மேல் கண்ணுக்கே தெரியாத ஒரு படலத்தை உண்டாக்குகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். ஆனால் துருவை உள்ளே விடாமல் தடுக்கும் காவலாளி அதுதான். கீறல் விழுந்தாலும், காற்று பட்டால் படலம் தானாகவே மறுபடி உருவாகிவிடும்.

சூடு ஏறும்போது இந்தப் படலம் தடிக்கிறது. தடித்த படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியிலுள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் மங்கி, சில நிறங்கள் தூக்கலாகத் தெரிகின்றன. மழை நாளில் ரோட்டில் சிந்திய ஆயிலில் வானவில் தெரிகிறதே, அதே விஷயம்தான். எவர்சில்வர் கடாயைத் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் மறந்து விட்டால் அடியில் நீலமும் மஞ்சளுமாக வட்டம் வரும். உங்கள் பைப்பில் நடப்பதும் அதுவே.

அதனால்தான் நிறத்தை வைத்தே எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்று ஓரளவு சொல்லலாம். பரவலாகப் பயன்படும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், திறந்த காற்றில், தோராயமான கணக்கு இது:

• இளமஞ்சள்: சுமார் 290 டிகிரி செல்சியஸ்
• வைக்கோல் மஞ்சள்: சுமார் 340 டிகிரி
• பழுப்பு: சுமார் 390 டிகிரி
• ஊதா கலந்த பழுப்பு: சுமார் 420 டிகிரி
• நீலம்: சுமார் 540 டிகிரி
• கருநீலம்: சுமார் 600 டிகிரி

எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது என்பதைப் பொறுத்தும் இது மாறும். அதனால் இதைத் தெர்மாமீட்டராக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒன்று புரியும். எஞ்சினை ஒட்டிய வளைவில் நீலம், கொஞ்சம் தள்ளி ஊதா, அப்புறம் மஞ்சள், கடைசியில் பழைய வெள்ளி நிறம் என்று வரிசையாக இருந்தால் அது இயல்பு. சூடு படிப்படியாகக் குறைவதன் வரைபடம் அது.

சில பைக்குகளின் பைப் நிறமே மாறாதே என்று கேட்கலாம். அவற்றில் பைப்புக்குள் பைப் என்று இரட்டைச் சுவர் இருக்கும். உள் சுவர் சூட்டைத் தாங்கிக்கொள்ளும், வெளிச் சுவர் அவ்வளவு சூடாகாது.

முதலில், உங்கள் பைப் எவர்சில்வர்தானா?

பாலிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இதுதான். எக்ஸாஸ்டில் நான்கு வகை உண்டு. நான்குக்கும் நான்கு விதமான வைத்தியம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: இந்தக் கட்டுரை இதற்குத்தான். உள்ளும் புறமும் ஒரே உலோகம் என்பதால் தேய்த்தால் தாங்கும்.

குரோம் பூச்சு: ரெட்ரோ ஸ்டைல் பைக்குகளில் அதிகம். அடியில் சாதாரண இரும்பு, மேலே நிக்கல், அதற்கும் மேலே குரோமியம். அந்தக் குரோம் அடுக்கு ஒரு மைக்ரானைவிட மெலிது. உப்புத்தாள் போட்டால் பூச்சே போய்விடும். பிறகு துருவை நிறுத்த முடியாது. குரோமுக்கென்று விற்கும் மென்மையான பாலிஷ் மட்டும் போதும்.

கறுப்பு பெயிண்ட்: தினசரி ஓட்டும் கம்யூட்டர் பைக்குகளில் பெரும்பாலும் இதுதான். மேலே சூடு தாங்கும் பெயிண்ட். பாலிஷ் போட்டால் திட்டுத் திட்டாக ஆகிவிடும். கழுவித் துடைப்பதோடு நிறுத்துங்கள். பெயிண்ட் உரிந்து துரு தெரிந்தால், துருவைச் சுரண்டிவிட்டு ஹீட் ரெசிஸ்டன்ட் பெயிண்ட் அடிப்பதுதான் வழி.

டைட்டானியம்: விலை உயர்ந்த பைக்குகளிலும், வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தும் எக்ஸாஸ்ட்டுகளிலும் வரும். இதில் நீல நிறம் வருவதற்காகவே பலர் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்படாதீர்கள்.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியாதா? பாதிதான் தெரியும். காந்தம் ஒட்டவே இல்லை என்றால் 304 போன்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ டைட்டானியமாகவோ இருக்கலாம். ஆனால் ஒட்டினால் "இது எவர்சில்வர் இல்லை" என்று முடிவு கட்ட முடியாது. எக்ஸாஸ்ட்டுகளுக்கு அதிகம் பயன்படும் 409 ரகம் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் காந்தம் ஒட்டும். அதனால் ஓனர்ஸ் மேனுவலைப் பாருங்கள், அல்லது சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். மேல் பூச்சு கொப்புளம் கட்டி உரிகிறது என்றால் அது நிச்சயமாகப் பூச்சுதான்.

எல்லாக் கறையும் ஒன்றல்ல

"கறுத்துப் போச்சு" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் ஐந்து விஷயங்கள் கலந்திருக்கின்றன. எது என்று தெரிந்தால் வேலை பாதியாகக் குறையும்.

1. வெப்ப நிறம்: மஞ்சள், ஊதா, நீலம். தொட்டால் வழவழப்பாகவே இருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் வராது.

2. உப்புத் தண்ணீர்க் கறை: போர்வெல் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் வரும் வெள்ளைப் புள்ளிகள். பெங்களூரு, ஹைதராபாத் அப்பார்ட்மென்ட்களில் போர்வெல்லையும் டேங்கர் தண்ணீரையும் நம்பி இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். பாத்ரூம் குழாயில் படியும் அதே சுண்ணாம்புதான்.

3. எரிந்து ஒட்டியது: ரெயின்கோட் பேன்ட், ஷூவின் சோல், காற்றில் பறந்து வந்த கேரி பேக், பைக் கவர், செயின் லூப் என எதுவும் இருக்கலாம். கறுப்பாக, மேடாக இருக்கும்.

4. பழுப்புத் துருப் புள்ளி: மும்பை, கோவா, கொச்சி, சென்னை என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு வரும். உப்புக் காற்றில் உள்ள குளோரைடு அந்தப் பாதுகாப்புப் படலத்தைத் துளைப்பதால் வருவது. டீக்கறை மாதிரி தெரியும்.

5. கரி: சைலன்சரின் வாய்ப்பகுதியில் படியும் கறுப்புப் புகைக்கரி. லேசாக இருந்தால் இயல்பு.

என்னென்ன தேவை?

கார் ஷாம்பு அல்லது பாத்திரம் கழுவும் லிக்விட், இரண்டு பக்கெட் தண்ணீர், பழைய பனியன் துணி நிறைய, ஒரு பழைய டூத் பிரஷ், ரப்பர் கையுறை, வினிகர் அல்லது சிட்ரிக் ஆசிட் பவுடர், ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஏற்ற மெட்டல் பாலிஷ் பேஸ்ட். பாலிஷ் ஆட்டோமொபைல் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். ஒரு சின்ன ட்யூப் வாங்கினால் வருஷக்கணக்கில் வரும்.

படிப்படியாகச் செய்வது எப்படி?

படி 1: ஆறவிடுங்கள். ஓட்டி வந்து குறைந்தது ஒரு மணி நேரம் நிழலில் நிற்கட்டும். இதில் அவசரம் வேண்டாம். சூடான பைப்பில் கை பட்டால் நொடியில் கொப்புளம். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஆவி முகத்தில் அடிக்கும். திடீர்க் குளிர்ச்சி பைப்புக்கும் நல்லதல்ல. ஆல்கஹால் போன்ற தீப்பிடிக்கும் திரவத்தைச் சூடான பைப்பில் தடவினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில் நிறுத்துங்கள்.

படி 2: கழுவுங்கள். சைலன்சரின் வாயை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். முதலில் வெறும் தண்ணீரால் மண்ணை இளக்கி, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மண்ணோடு தேய்த்தால் அந்த மண்ணே உப்புத்தாள் மாதிரி கீறிவிடும். பைப்பில் ஓரிடத்தில் வயரோடு இணைந்திருக்கும் சென்சார், ஆக்சிஜன் சென்சார். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்பனைக்கு வந்த பிஎஸ்-6 ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் பைக்குகளில் இதைப் பார்க்கலாம். அதன் கனெக்டர் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள்.

படி 3: உப்புத் தண்ணீர்க் கறை இருந்தால். வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து, கறை மேல் ஐந்து நிமிடம் ஒட்டிவையுங்கள். ஒரு கப் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் பவுடரைக் கரைத்தும் இதைச் செய்யலாம். சுண்ணாம்பு இளகிவிடும். நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். லேசான துருப் புள்ளிகளுக்கும் சிட்ரிக் ஆசிட் உதவும்.

படி 4: எரிந்து ஒட்டியது இருந்தால். இங்கு மட்டும் கொஞ்சம் சூடு நமக்குத் துணை. எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஒட்டியது இளகியதும் மரக்கரண்டி அல்லது பழைய ஐஸ்கிரீம் குச்சியால் தள்ளி எடுங்கள். கையுறை கட்டாயம். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அவை விட்டுச் செல்லும் கீறலை எடுப்பது அந்தப் பிளாஸ்டிக்கை எடுப்பதைவிடக் கஷ்டம். மிச்சம் இருக்கும் மெல்லிய கறையை, பைப் மறுபடி முழுதாக ஆறிய பிறகு, பாலிஷ் போட்டு எடுக்கலாம்.

படி 5: எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். நன்றாகக் காய்ந்த பைப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். இதைத் தவிர்த்துவிட்டுப் பாலிஷ் போட்டால், பிசுக்கைத்தான் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

படி 6: பாலிஷ். பட்டாணி அளவு பேஸ்ட் போதும். ஒரே நேரத்தில் நான்கு விரல் அகலப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பைப் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் எந்தத் திசையிலும் தேய்க்கலாம். மெல்லிய கோடுகள் ஓடும் பிரஷ்டு ஃபினிஷ் என்றால், அந்தக் கோடுகளின் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். இன்னொன்று, பாலிஷ் போட்டால் பிரஷ்டு பைப்பின் பளபளப்பு கூடும். அதனால் தெரியாத மூலையில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

துணி கறுப்பானால் பயப்படாதீர்கள். எடுபடும் ஆக்சைடும் உலோகத் துகளும்தான் அந்தக் கறுப்பு. மஞ்சள் நிறம் சீக்கிரம் போகும். நீலத்துக்கு மூன்று, நான்கு முறை தேய்க்க வேண்டியிருக்கும்.

பைப்பின் பின்பக்கம் கை போகாதே? பனியன் துணியை நீளப் பட்டையாகக் கிழித்து, பேஸ்ட் தடவி, பைப்பைச் சுற்றிப் போட்டு இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். மத்தில் கயிறு சுற்றித் தயிர் கடைவது மாதிரி மாற்றி மாற்றி இழுங்கள். முன், பின் இரண்டும் ஒரே நேரத்தில் சுத்தமாகும்.

படி 7: பாலிஷ் மிச்சத்தைத் துடையுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பைப்பில் மிச்சம் இருக்கும் பேஸ்ட், எண்ணெய், கைரேகை எல்லாம் அடுத்த முறை எஞ்சின் சூடானதும் அப்படியே எரிந்து பதிந்துவிடும். விரல் ரேகைகூடப் பழுப்பு அச்சாக நிற்கும். கையுறை போட்டுக்கொண்டு, சுத்தமான துணியில் ஆல்கஹால் எடுத்து, பைப் முழுவதையும் கடைசியாக ஒரு முறை துடையுங்கள். ஆல்கஹால் முழுவதும் ஆவியாகட்டும். வாயில் அடைத்த துணியை எடுக்க மறக்காதீர்கள்.

பிறகு எஞ்சினை இரண்டு, மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். ஆனால் திறந்த வெளியில். அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலோ மூடிய ஷெட்டிலோ வேண்டாம். எக்ஸாஸ்ட் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

எச்சரிக்கை ஒன்று: பாலிஷோ ஸ்பிரேயோ டிஸ்க் பிரேக்கிலும் டயரிலும் படவே கூடாது. பின் டிஸ்க் பல பைக்குகளில் சைலன்சருக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பளபளப்பான பைப்போடு பிரேக் பிடிக்காத பைக் யாருக்கும் வேண்டாம்.

இவற்றைத் தொடவே தொடாதீர்கள்

பாத்ரூம் ஆசிட், டாய்லெட் கிளீனர்: இவற்றில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். தடவியதும் பளிச்சென்று ஆகிற மாதிரி தெரியும். ஆனால் அதிலுள்ள குளோரைடு பாதுகாப்புப் படலத்தைக் கிழித்து, ஊசி குத்தியது மாதிரி குழி விழ வைக்கும். சில வாரங்களில் அங்கிருந்தே துரு கிளம்பும். அலுமினிய எஞ்சின் பாகங்களில் தெறித்தால் அவையும் அரித்துப் போகும். புகையை மூச்சில் இழுத்தால் உங்களுக்கும் ஆபத்து.

பிளீச்: இதிலும் குளோரின் சேர்மம். ஆசிட்டையும் பிளீச்சையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தினால் குளோரின் வாயு வெளியேறும். அது நச்சு. பாத்ரூமோ பைக்கோ, இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்காதீர்கள்.

பிக்லிங் பேஸ்ட்: ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வெல்டிங் நிறத்தை எடுக்கப் பயன்படுத்துவது. நீலத்தை நிமிடங்களில் எடுத்துவிடும் என்பது உண்மை. ஆனால் அதில் நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் இருக்கும். தோலில் பட்டால் முதலில் வலி தெரியாமல் உள்ளே இறங்கி, எலும்பு வரை பாதிக்கக்கூடியது. பயிற்சியும் கவசமும் உள்ளவர்கள் கையாள வேண்டிய பொருளை பால்கனியில் திறக்காதீர்கள்.

கம்பி நார்: சாதாரண இரும்புக் கம்பி நார் கீறுவதோடு நிற்காது. அதன் நுண்ணிய இரும்புத் துகள்கள் பைப்பில் பதிந்து, அவையே துருப் பிடித்து, "என் ஸ்டெயின்லெஸ் துருப் பிடிச்சிடுச்சு" என்று உங்களை நம்ப வைக்கும். இரும்பு வயர் பிரஷ்ஷுக்கும் இதே கதைதான். பச்சை நிறப் பாத்திர ஸ்க்ரப்பரும் கண்ணாடி ஃபினிஷில் கோடு போட்டுவிடும்.

பெட்ரோல், மண்ணெண்ணெய்: பிசுக்கை எடுக்கும். ஆனால் தீப்பிடிக்கும் பொருளைச் சூடு ஏறும் பாகத்தில் தேய்ப்பது தேவையில்லாத ரிஸ்க். வாட்டர் வாஷ் கடைகளில் அடியில் டீசல் அடிப்பார்கள். சைலன்சர் மேல் அடிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அடித்துவிட்டால், வண்டி எடுத்த பத்தாவது நிமிடம் புகை கிளம்பிப் பழுப்புக் கறை பிடிக்கும்.

புளி, கோலா, டூத்பேஸ்ட்: வேலை செய்யுமா?

பித்தளைக் குத்துவிளக்கில் புளி அற்புதம் செய்யும். செம்பின் மேல் படியும் ஆக்சைடைப் புளியின் அமிலம் கரைத்துவிடுவதுதான் காரணம். எவர்சில்வரின் வெப்ப நிறம் குரோமியமும் இரும்பும் கலந்த ஆக்சைடு. புளிக்கு அது மசியாது. புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்க்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பைப்பில் அதைச் செய்தால் நீங்களே குளோரைடைக் கொண்டுபோய்த் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

கோலாவில் கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. லேசான துருவை, சுண்ணாம்புக் கறையை இளக்கும். நீலத்தை எடுக்காது. சர்க்கரைப் பிசுக்கு மிச்சமாகும். டூத்பேஸ்ட்டில் நுண்ணிய தேய்க்கும் துகள்கள் உண்டு. இளமஞ்சள் நிறத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

நிறம் எப்போது எச்சரிக்கை?

பெரும்பாலான நேரம் நிறம் மாறுவது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமே. ஆனால் கீழே உள்ளவற்றில் ஏதாவது தெரிந்தால், பாலிஷ் டப்பாவை மூடிவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

• வருஷக்கணக்கில் ஒரே மாதிரி இருந்த பைப் திடீரென்று கருநீலமாவது. காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகும் 'லீன்' கலவையாக இருக்கலாம். இன்டேக்கில் காற்றுக் கசிவு, அடைபட்ட இன்ஜெக்டர் ஆகியவை வழக்கமான காரணங்கள்.
• இரட்டை சிலிண்டர் பைக்கில் ஒரு பைப் மட்டும் வேறு நிறமாவது.
• இருட்டில் பார்த்தால், சும்மா ஐடிலிங்கில் நிற்கும்போதே பைப் சிவப்பாக ஒளிர்வது. உடனே எஞ்சினை அணையுங்கள்.
• எஞ்சினும் பைப்பும் சேரும் இடத்தில் கறுப்புக் கரிக்கோடும், 'டப் டப்' என்ற சத்தமும். கேஸ்கெட் கசிகிறது.
• சைலன்சர் வாயில் எண்ணெய்ப் பசையோடு கரி, கூடவே நீலப் புகை. எஞ்சின் ஆயிலை எரிக்கிறது.

வெளியிலிருந்து வாங்கிய ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரைப் பொருத்திய பிறகு நிறம் வேகமாக மாறுகிறது என்றால், எஞ்சினின் பெட்ரோல் அளவு புதிய சைலன்சருக்கு ஏற்ப மாறவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. ஒலி, காற்று மாசு வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க முடியும். பல நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்கள் மேல் போலீசார் ரோடு ரோலர் ஏற்றியதைப் பார்த்திருப்பீர்கள். பைப் நீலமானதற்காகக் கம்பெனி சைலன்சரைக் கழற்றி வீசிவிட்டு இந்த வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போகிறீர்களா?

விற்பதற்கு முந்தின நாள் பாலிஷ் போடுவது சகஜம். அதனால் மேல் பக்கத்தின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். குனிந்து, மொபைல் டார்ச் அடித்து, பைப்பின் அடிப்பக்கத்தையும் வெல்டிங் இணைப்புகளையும் பாருங்கள். தண்ணீர் தங்கி உள்ளிருந்து துருப் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து கசிவுச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஓட்டை விழுந்த எக்ஸாஸ்டை மாற்றுவது செலவு பிடித்த வேலை. பிஎஸ்-6 வண்டிகளில் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் சேர்ந்தே வருவதால் விலை இன்னும் எகிறும். பேரம் பேசும்போது இது கையில் இருக்கட்டும்.

திரும்ப வராமல் தடுக்க முடியுமா?

வெப்ப நிறத்தைத் தடுக்க முடியாது என்பதே நேர்மையான பதில். எஞ்சினை ஒட்டிய பகுதி மறுபடி அதே சூட்டைத் தொடும், படலம் மறுபடி தடிக்கும். ஒரு ஹைவே பயணம் போதும். ஆனால் மற்ற கறைகளைக் கண்டிப்பாகக் குறைக்கலாம்.

• கடலோரம் ஓட்டினால் வாரம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். சூடு பட்டு நிறம் மாறிய இடத்தில், படலத்துக்குக் கீழே குரோமியம் குறைந்திருக்கும். உப்புக் காற்றில் முதலில் துருப் பிடிப்பது அந்த இடம்தான்.
• கழுவியதும் காயவிடாமல் துணியால் துடையுங்கள். உப்புத் தண்ணீர்க் கறை பாதி குறையும்.
• பைக் கவரைச் சைலன்சர் ஆறிய பிறகு மட்டும் போடுங்கள்.
• மழையில் ரெயின்கோட் பேன்ட்டின் கால் பகுதியை ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரெயின்கோட்டுகள் பிவிசி. அது பைப்பில் எரிந்தால் வெளியேறுவதும் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையே.
• வேக்ஸ், டபிள்யூடி-40 போன்றவற்றை எஞ்சினை ஒட்டிய பைப்பில் தடவுவதில் பயனில்லை, எரிந்துவிடும். அவ்வளவு சூடாகாத பின்பகுதியிலும் ஹீட் ஷீல்டிலும் வேக்ஸ் கொஞ்ச நாள் நிற்கும்.
• டிராஃபிக் சிக்னலில் நீண்ட நேரம் நின்றால் எஞ்சினை அணையுங்கள். காற்று வீசாமல் நிற்கும்போதுதான் பைப்பின் வெளிப்புறச் சூடு ஏறும். பெட்ரோலும் மிச்சம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை பாலிஷ் போடலாம்?

கழுவுவது வாராவாரம் என்றாலும் சரி. பாலிஷ் வருஷத்துக்கு இரண்டு முறை போதும். ஒவ்வொரு முறையும் துளி உலோகமும் சேர்ந்தே போகிறது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, கோடைக்கு முன் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஒன்றுமே செய்யாமல் அப்படியே விட்டால்?

பைக்குக்கு ஒன்றும் ஆகாது. மைலேஜும் குறையாது, பவரும் குறையாது, பொல்யூஷன் சர்டிஃபிகேட் எடுப்பதிலும் சிக்கல் வராது. அந்த மஞ்சளும் நீலமும் உங்கள் எஞ்சின் எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதன் அடையாளம், அவ்வளவுதான். பிடித்திருந்தால் விட்டுவிடலாம். பிடிக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியை வெளியே எடுப்பதற்கு முன், பைப் குளிர்ந்திருக்கும்போதே துணியை எடுங்கள்.